ஊர் திரும்புமுன் இரத்த அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் தங்கிய குடும்பங்கள் பல இப்போது முசலிக்கும் சிலாவத்துறைக்கும் திரும்புகின்றன. காணி உறுதி, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டி வைத்திருப்பீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் தாயின் கிளினிக் அட்டையையும் அவற்றோடு வையுங்கள். அவற்றில் ஹீமோகுளோபின் அளவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரத்தச்சோகையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கண் இமையின் உட்பக்கமும் உள்ளங்கையும் வெளிறித் தெரியும்போது குறைபாடு பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்கு முன்பே பிள்ளை சோர்ந்துபோகும், விளையாட்டில் நாட்டம் குறையும். அதை நாம் சோம்பல் என்று ஏசிவிடுகிறோம். 2009இல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் நாட்டின் சில மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரத்தச்சோகை இருந்தது. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறை அல்ல, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

அளப்பது சிறிய வேலைதான். விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் துளியைச் சிறு தகட்டில் எடுத்துக் கையடக்கக் கருவியில் வைப்பார்கள். சிறிது நேரத்தில் எண் தெரியும். பிள்ளையின் கை குளிர்ந்திருந்தால் முன்கூட்டியே தேய்த்துச் சூடாக்குங்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் இரத்தத்தோடு உடல்நீரும் கலந்து, அளவு பிழையாகக் குறைந்து காட்டும். பிழிய வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

எண்ணைக் கேட்டு வாங்குங்கள். “கொஞ்சம் குறைவு” என்ற பதில் போதாது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் 11 கிராமுக்குக் குறைந்தாலும், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலும் இரத்தச்சோகை என்று கொள்வது வழக்கம். 7க்குக் கீழே போனால் பயணத்தைத் தள்ளிப்போட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணி நல்லது. மலம் கறுத்துப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் சிறு பிள்ளை அதை இனிப்பென்று அள்ளி விழுங்கினால் உயிராபத்து. மூட்டைகள் அவிழ்ந்து கிடக்கும் குடிபெயரும் நாட்களில் மாத்திரைப் பையைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

சொன்னபடி மாத்திரை எடுத்தும் அளவு ஏறவில்லையா? குடற்புழு இருக்கலாம், தலசீமியா போன்ற பரம்பரை நோயும் இருக்கலாம். அதற்கு வேறு இரத்தப் பரிசோதனை வேண்டும். மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

புறப்படுமுன் இங்குள்ள குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கடைசி அளவையும் திகதியையும் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். போன இடத்தில் வீடு கட்டி முடியும்வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே அந்தப் பகுதி உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரையும் திரிபோஷாவும் அந்தப் பதிவை வைத்தே கிடைக்கும்.