விரைந்து நடக்கும் நகரம்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உலகின் 32 நகரங்களில் ஓர் எளிய அளவீடு நடந்தது. மக்கள் நடமாட்டம் மிகுந்த நடைபாதையில் 60 அடி, அதாவது ஏறத்தாழ 18 மீட்டர், அளந்து குறிக்கப்பட்டது. தனியே நடந்து செல்லும் ஒருவர் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி எடுத்துக்கொள்கிறார் என்பது கணக்கிடப்பட்டது. கைப்பேசியில் பேசிக்கொண்டு சென்றவர்களும் கடைப் பைகளைச் சுமந்து சென்றவர்களும் சேர்க்கப்படவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன் இந்த ஆய்வை நடத்தினார். முடிவில் முதலிடம் பெற்றது லண்டனும் அன்று, நியூயார்க்கும் அன்று. 10.55 வினாடியில் அத்தூரத்தைக் கடந்த சிங்கப்பூரர்களே உலகில் மிக வேகமாக நடப்பவர்கள் எனத் தெரியவந்தது. பட்டியலின் கடைசியில் இருந்தது ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலுள்ள பிளாண்டயர் நகரம். அங்குள்ளவர்கள் அதே தூரத்தை நடக்க 31 வினாடிக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அளவீடு புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் லெவின் 1990களின் தொடக்கத்திலேயே இதனைச் செய்திருந்தார். அவருடைய கணக்கோடு ஒப்பிட்டபோது, உலக நகரங்களின் நடை சராசரியாக 10 விழுக்காடு வேகமடைந்திருந்தது. சிங்கப்பூரின் நடையோ ஏறத்தாழ 30 விழுக்காடு வேகமடைந்திருந்தது.

லெவின் நடையை மட்டும் அளக்கவில்லை. 31 நாடுகளில் அஞ்சலக ஊழியர் ஓர் அஞ்சல்தலையை விற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், வங்கிகளின் சுவர்க்கடிகாரங்கள் எவ்வளவு துல்லியமாக ஓடுகின்றன என்பதையும் சேர்த்து அளந்தார். இம்மூன்றையும் கொண்டு ஒவ்வொரு நாட்டின் வாழ்க்கை வேகத்தையும் வரிசைப்படுத்தினார். அவருடைய முடிவுகளில் ஒன்று எல்லாரும் எதிர்பார்த்ததுதான். வேகமான இடங்களில் இதயநோயால் இறப்போர் அதிகம், புகைபிடிப்போரும் அதிகம். மற்றொரு முடிவை அவ்வளவாக யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வேகமான நாடுகளில் வாழ்பவர்கள்தாம், மெதுவான நாடுகளில் வாழ்பவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறினார்கள். வேகமான நாடுகள் பெரும்பாலும் வளமான நாடுகள். அங்கு வேலை கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது, மருத்துவமனை அருகில் இருக்கிறது. ஆகவே, வேகம் மனத்தைக் கெடுக்கும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட இயலாது.

தமிழ்மொழியும் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. ஒரு மாணவரைச் சுறுசுறுப்பானவர் என்றால் அது பாராட்டு. அதே மாணவரைப் பரபரப்பானவர் என்றால், அதில் சிறிது கவலை கலந்திருக்கிறது. விரைவு என்பது வேலையின் தன்மையைச் சொல்கிறது. பதற்றம் என்பது வேலை செய்பவரின் மனநிலையைச் சொல்கிறது. ஒருவர் விரைவாகவும் அமைதியாகவும் வேலை செய்யலாம். மெதுவாக நகரும் வரிசையில் நின்றுகொண்டே பதறவும் செய்யலாம். அப்படியானால், சுறுசுறுப்பு எந்த இடத்தில் பதற்றமாக மாறுகிறது?

முதலில் உடலைப் பார்ப்போம். ஓர் இக்கட்டு நேரும்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற சுரப்பிநீர்கள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கவனம் கூர்மையாகிறது. தேர்வு அறையிலும் ஓட்டப்பந்தயத்திலும் நமக்கு இதனால் நன்மையே. ஆனால், இது சிறிது நேரத்திற்கான ஏற்பாடு. இக்கட்டு நீங்கியதும் உடல் தணிந்து ஓய்வுநிலைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்ப இடமே இல்லாமல், ஒரு வேலை முடியுமுன் அடுத்த வேலை, அது முடியுமுன் இன்னொன்று என்று நாள்கள் நகரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதலில் தூக்கம் குறைகிறது. பிறகு எரிச்சல், மறதி, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பாதிக்கப்பட்டவரைவிட அவருடைய குடும்பத்தினரே பெரும்பாலும் இந்த மாற்றத்தை முதலில் கவனிக்கிறார்கள். “அப்பா இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதே இல்லை” என்பதாகவோ, “அம்மா சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபப்படுகிறார்” என்பதாகவோ அது வெளிப்படுகிறது.

ஓய்வின்மை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளிக்கொணர்ந்தவை லண்டனில் அரசாங்க ஊழியர்களிடையே நடந்த ஆய்வுகள். 1967ஆம் ஆண்டு தொடங்கிய முதல் ஆய்வில் ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். பெரிய பொறுப்புகளைச் சுமக்கும் உயரதிகாரிகளுக்குத்தான் நெருக்கடி அதிகம், எனவே இதயநோயும் அவர்களுக்கே அதிகம் வரும் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. பதவி குறையக் குறைய நோயும் இறப்பும் கூடின. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, மைக்கல் மார்மொட் என்ற மருத்துவ அறிஞரின் தலைமையில், இதற்கான காரணங்களைத் தேடியது. தம் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாமை அவற்றுள் முக்கியமான ஒன்றாகத் தெரியவந்தது. வேலைப்பளு மட்டும் ஒருவரை வாட்டுவதில்லை. பளு அதிகமாகவும் பிடிமானம் குறைவாகவும் இருப்பதே வாட்டுகிறது என்று ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளரும் 1979இல் எழுதியிருந்தார்.

ஒரு பேருந்து ஓட்டுநரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். குறித்த நேரத்தில் குறித்த நிறுத்தத்தை அடைய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு உண்டு. ஆனால், சாலை நெரிசலோ மழையோ அவர் கையில் இல்லை. வண்டி தாமதமானால் பயணிகள் முகம் சுளிப்பது அவரிடம்தான். வேண்டும்போது ஐந்து நிமிடம் எழுந்து நடக்கவும் அவரால் முடியாது. உணவு விநியோக ஓட்டுநர்களின் நிலையும் இத்தகையதே. அடுத்த வாடிக்கையாளர் எங்கே, எத்தனை நிமிடத்தில் சேர வேண்டும் என்பதையெல்லாம் கைப்பேசிச் செயலி முடிவு செய்கிறது. மனவுளைச்சல் என்றாலே கண்ணாடிக் கட்டடங்களில் கணினிமுன் அமர்ந்திருப்பவர்களையே பலரும் எண்ணுகிறார்கள். அந்தக் கட்டடங்களுக்கு மதிய உணவைக் கொண்டு சேர்ப்பவரை எண்ணுவோர் குறைவு.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்குத் தெளிவான விளக்கம் ஒன்றை வெளியிட்டது. ஆற்றல் முழுவதும் வற்றிவிட்டதைப் போன்ற களைப்பு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்பு ஏற்படுதல், வேலையில் திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவ்விளக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பணிச்சோர்வை அந்நிறுவனம் ஒரு நோயாகப் பட்டியலிடவில்லை. வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் மனவுளைச்சலின் விளைவு என்றே குறிப்பிட்டது. அப்படியென்றால், களைத்துப்போன ஊழியரைத் தியானம் செய்யச் சொல்லி அனுப்புவது மட்டும் போதாது. அவருடைய வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

இதனை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு ஜப்பான். அளவுக்கு மீறிய வேலையால் நேரும் மரணத்தைக் குறிக்க ‘கரோஷி’ என்று ஒரு சொல்லே ஜப்பானிய மொழியில் உண்டு. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றால் இறந்தவர்கள் மட்டுமன்றி, வேலைச்சுமையால் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களும் நீதிமன்றங்களை நாடின. அக்குடும்பங்கள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டத்துக்குப் பின், 2014இல் கரோஷியைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி நேரம் என்ற பொது வரம்பும் நடப்புக்கு வந்தது. ஆயினும், மிகவும் வேலை மிகுந்த மாதத்தில் அது 100 மணி நேரத்தை நெருங்கவும் சட்டம் இடம் தருகிறது. இது போதாது என்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் வாரத்திற்கு 44 மணி நேரம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. ஆனால், அந்த வரம்பு குறிப்பிட்ட சம்பளத்திற்குக் கீழ் உள்ள ஊழியர்களுக்கே பொருந்தும். அதற்குமேல் சம்பளம் பெறும் அலுவலக ஊழியரின் வேலைநேரத்தை அவருடைய ஒப்பந்தமும் மேலாளரின் எதிர்பார்ப்புமே தீர்மானிக்கின்றன. இப்போது அலுவலகம் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு வேலைக் குழுவில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று அதிலேயே எழுதியிருந்தாலும், படித்தவரின் மனம் அப்போதே வேலைக்குத் திரும்பிவிடுகிறது. பிரான்ஸ் நாட்டில் 2017 முதல், வேலைநேரத்திற்குப் பிறகு இத்தகைய தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சிங்கப்பூர் வேறொரு வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஓர் ஊழியர் முறையாகக் கேட்டால், முதலாளி அதை முறையாகப் பரிசீலித்து இரண்டு மாதத்திற்குள் பதில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம். முதியோரையும் குழந்தைகளையும் ஒருசேரக் கவனித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, கேட்கவாவது ஒரு வழி பிறந்திருக்கிறது.

வீட்டு வேலைக்கென்று பிற நாடுகளிலிருந்து வந்திருக்கும் பணிப்பெண்களுக்கு ஓய்வு என்பது இன்னும் எளிய கணக்கு. 2013ஆம் ஆண்டு முதல்தான் அவர்களுக்கு வார ஓய்வுநாள் கட்டாயமாக்கப்பட்டது. ஓய்வுநாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் தொடர்ந்தது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுசெய்யக்கூடாது என்ற விதி வந்தது. முதலாளியின் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு, கதவைத் தாண்டி வெளியே வந்து தோழிகளோடு பூங்காவில் அமர்ந்து சொந்த மொழியில் பேசும் அந்த ஒரு நாள்தான் வேலை முடிந்ததன் அடையாளம்.

பாதிக்கப்படுவோர் எத்தனை பேர்? சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டுக் கருத்தாய்வில், சிங்கப்பூரர்களில் 17 விழுக்காட்டினரின் மனநலம் நலிவாக இருப்பது தெரியவந்தது. 18 முதல் 29 வயதுவரை உள்ளவர்களிடையே அது 25.3 விழுக்காடு, அதாவது, நால்வரில் ஒருவர். உதவி நாடுவோரின் எண்ணிக்கையோ குறைவு. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வில், மனநோய்க்கு ஆளானவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் நிபுணர் எவரிடமும் சென்றதில்லை என அறியப்பட்டது. “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்ற பழைய தயக்கம் தமிழ்க் குடும்பங்களிலும் குறைந்தபாடில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை விருந்தினர்முன் இயல்பாகச் சொல்லும் பெரியவர்கள், மகனோ மகளோ மனநல ஆலோசகரைப் பார்த்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பெரியவர்களின் வேலைப் பண்பாடு பள்ளிகளுக்கும் வந்து சேர்கிறது. எதையும் இழந்துவிடக்கூடாது, எவரிடமும் பின்தங்கிவிடக்கூடாது என்ற அச்சத்தை ‘கியாசு’ என்ற ஹொக்கியன் சொல்லால் சிங்கப்பூரர்கள் தங்களையே கேலி செய்துகொள்வதுண்டு. கேலி செய்தாலும் அதனை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி அனைத்திலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023இல் முற்றிலும் நீக்கப்பட்டன. அதே ஆண்டின் குடும்பச் செலவினக் கருத்தாய்வின்படி, துணைப்பாட வகுப்புகளுக்காகக் குடும்பங்கள் செலவிட்ட தொகை ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அது 1.4 பில்லியனாக இருந்தது.

எனினும், ஒரு பள்ளி நேரத்தையே சற்று மாற்றிப் பார்த்தது. பதின்ம வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில் உடல்கடிகாரமும் பின்னுக்குத் தள்ளிப்போவதால், முன்னதாகப் படுத்தாலும் உடனே தூக்கம் வருவதில்லை. 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30 மணியிலிருந்து 8.15 மணிக்கு மாற்றியது. கால அட்டவணையைத் திருத்தி அமைத்ததால், பள்ளி முடியும் நேரம் பெரிதாகத் தள்ளிப்போகவில்லை. டியூக்–என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 375 மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நேரம் கிடைத்ததும் மாணவிகள் இன்னும் தாமதமாகப் படுக்கத் தொடங்குவார்கள் என்ற ஐயம் பலருக்கு இருந்தது. ஒரு மாதத்திற்குப் பின் பார்த்தபோது, பள்ளி நாள்களில் அவர்கள் படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பிறகும் அந்தக் கூடுதல் நீடித்தது; தூங்கிய நேரம் 10 நிமிடம் கூடியிருந்தது. வகுப்பில் தூக்கக் கலக்கம் குறைந்திருப்பதாகவும் மனநிலை மேம்பட்டிருப்பதாகவும் மாணவிகள் தெரிவித்தார்கள். பாடத்திட்டத்தில் ஒரு பாடமும் குறைக்கப்படவில்லை; மணி அடிக்கும் நேரம் மட்டுமே மாறியிருந்தது.