கட்டின்மையும் விலையின்மையும்

ஒரு சொல் இருபொருள் தருமாயின், அதனை வழங்குவோர் கருத்தும் சிலபோது மயங்குதல் இயல்பு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் சொல் அத்தகையது. சிறையினின்று விடுபட்டவனையும் அச்சொல் குறிக்கும். காசு கொடாது பெற்ற பண்டத்தையும் அதுவே குறிக்கும். இம்மயக்கத்தாற் கணினித் துறையில் நாற்பது ஆண்டுகளாக ஒரு வினா ஓயாது எழுந்துகொண்டிருக்கின்றது. மூலநிரல் திறந்த மென்பொருள் விலையின்றியும் கிடைத்தே ஆகவேண்டுமோ என்பதே அவ்வினா. ‘ஆம், விலையின்மைதானே அதன் இலக்கணம்’ என்று நம் மாணவர் பலர் விடை கூறக் கேட்கின்றோம். அவ்விடை பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். மென்பொருள் என்பது, ‘இன்னது செய்க’ என்று கணினியை ஏவும் கட்டளைகளின் தொகுதி. அதனை ஆக்குவோர் மனிதர் படித்துணரத்தக்க ஒரு மொழியில் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டதே மூலநிரல் எனப்படும். பின்னர் அது கணினிக்கு மட்டும் விளங்கும் எண்வடிவமாக மாற்றப்படுகின்றது. வாங்குவோர் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது அவ்வெண்வடிவமே. அதனை இயக்கலாம், அஃது எவ்வாறு தொழிற்படுகின்றதென்று அறிதல் அரிது, திருத்துதல் அதனினும் அரிது.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். ஓரூரில் மருத்துவர் இருவர் உளர் என்று கொள்க. ஒருவர் காசு பெறாமலே குளிகை கொடுக்கின்றார். ஆனால் அதிற் சேர்ந்த மூலிகை இன்னவை, அளவு இன்னது என்று எவர்க்கும் உரையார். மற்றவர் குளிகைக்கு விலை பெறுகின்றார், அதனுடன் செய்முறையையும் எழுதிக் கொடுத்து, ‘இதனை நீரும் செய்துகொள்ளலாம், உம் உடற்கேற்ப மாற்றலாம், அயலார்க்கும் கொடுக்கலாம்’ என்கின்றார். முன்னவர் தருவது விலையில்லது, ஆயினும் மூடியது. பின்னவர் தருவது விலையுடையது, ஆயினும் திறந்தது. மென்பொருளிலும் இவ்விரு வகையும் உண்டு. அடோபி நிறுவனத்தாரின் ரீடர் என்னும் மென்பொருளைக் காசு கொடாமற் பெறலாம். அதன் மூலநிரலோ மறைபொருளாகவே உள்ளது. ஆதலின் விலை ஒன்று, திறப்பு வேறொன்று என்பது பெறப்படும்.

இனி, திறந்தது என்பதன் இலக்கணம் யாது? இத்துறையிற் பயின்றோர் நான்கு உரிமைகளை எடுத்துரைப்பர். எப்பயன் கருதியும் மென்பொருளை இயக்கும் உரிமை. அதன் மூலத்தைக் கற்றுத் தமக்கேற்ப மாற்றும் உரிமை. படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை. தாம் மாற்றிய வடிவத்தையும் வழங்கும் உரிமை ஆகிய இவையே அந்நான்கு. இவற்றுள் விலையைப் பற்றிய பேச்சே இல்லாமையை நோக்குக.

இக்கொள்கையின் வரலாறும் இதற்குச் சான்றாகும். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி புரிந்துவந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், யாவரும் கற்று மாற்றி வழங்கத்தக்க ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயரிட்டார். 1984-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் வேலையையும் துறந்தார். பின்னர் அவர்க்குப் பிழைப்பு யாது? தாம் எழுதிய ஈமேக்ஸ் என்னும் பதிப்பிக் கருவியைக் காந்த நாடாவிற் பதிந்து, வேண்டுவோர்க்கு 150 டாலர் விலைக்கு அஞ்சலில் அனுப்பினார். கணினி வலைத்தொடர்பு உடையார் அதனையே காசின்றிப் படியெடுத்துக்கொள்ளவும் இடமிருந்தது. ஆகவே இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவரே தம் ஆக்கத்தை விலைக்கு விற்றவர் ஆவர். அவ்விற்பனையால் அவர் கொள்கைக்கு இழுக்கு நேர்ந்திலது.

அவர் வகுத்த பொது உரிமம் 1989-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. 1991-ஆம் ஆண்டிலும் 2007-ஆம் ஆண்டிலும் திருத்தம் பெற்றது. விலையைப் பற்றி அது விதிப்பன நுட்பமானவை. படியொன்றுக்கு எவ்வளவு விலையும் பெறலாம், பெறாமலும் விடலாம். ஆயினும் வாங்கியவர் தம் உரிமையைச் செலுத்தும்போது, ‘நீர் பிறர்க்குக் கொடுப்பதற்கு எமக்குக் கட்டணம் தருக’ என்று கேட்டல் கூடாது. எண்வடிவத்தை மலிவாக விற்று, மூலநிரலுக்குப் பெருந்தொகை கேட்டலும் கூடாது. மூலத்தைப் படியெடுத்து அனுப்பும் செலவுக்கு மிகாமலே பெறலாம். ஒரு முறை விற்பதற்கு விலை உண்டு. விற்றபின் வாங்கியவர் கையைக் கட்டுவதற்கு உரிமை இல்லை என்பதே இதன் சாரம்.

விலை பெறலாகாது என்று விதிப்பதே ஒரு கட்டு ஆகும் என்பதற்கு லினக்ஸின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தோராம் வயதில், 1991-ஆம் ஆண்டில் இவ்வியங்குதளத்தின் கருவை வெளியிட்டார். அவர் முதலில் வகுத்த உரிமம், காசு பெற்று இதனை வழங்குதல் கூடாது என்று தடுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அக்காலத்தில் வலைத்தொடர்பு சிலர்க்கே வாய்த்திருந்தது. ஏனையோர் நெகிழ்வட்டுகளிற் படியெடுத்தே பெறவேண்டியிருந்தது. வட்டின் விலையையும் படியெடுத்த கூலியையும் பெறுதற்கு அவ்விதி இடந்தரவில்லை. அதனை நீக்குமாறு சிலர் வேண்ட, டோர்வால்ட்ஸ் இசைந்தார். 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினக்ஸ் குனுப் பொது உரிமத்தின் கீழ் வந்தது. காசுத் தடை நீங்கிய பின்னர், லினக்ஸை வட்டில் ஏற்றி விற்போர் பல நாடுகளில் தோன்றினர். அவர் வாயிலாக அது பரவிற்று.

1998-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் புதிதாக வகுக்கப்பட்டது. கிறிஸ்டின் பீட்டர்சன் என்னும் அம்மையார் கூறிய பெயர் அது. ‘ஃப்ரீ’ என்னும் சொல்லின் இருபொருள் மயக்கத்தைத் தவிர்த்தலும் அப்பெயர் மாற்றத்திற்கு ஒரு காரணம். அவ்வாண்டிலேயே புரூஸ் பெரென்ஸ், எரிக் ரேமண்ட் என்னும் இருவர் திறந்த மூலக் கழகத்தை நிறுவினர். அக்கழகத்தின் வரையறை பத்து விதிகளை உடையது. பிறவற்றோடு சேர்த்து மென்பொருளை விற்பதையோ கொடுப்பதையோ உரிமம் தடுத்தலாகாது என்பது முதல் விதி. வாணிகத்திற் பயன்படுத்தலாகாது என்பது போன்று எத்துறையையும் விலக்குதல் ஆகாது என்பது ஆறாம் விதி. இவ்விதிகளின்படி, ‘விலையின்றியே வழங்கவேண்டும், வாணிகர் தொடலாகாது’ என்று கட்டளையிடும் உரிமம் திறந்த மூலம் என்னும் பெயரையே இழந்துவிடும். விலையின்மையைக் கட்டாயமாக்குதல் திறப்பின் இலக்கணத்தோடு முரணுகின்றது என்பது இதனால் விளங்கும்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘விலை பெறலாம் என்பது ஏட்டளவில் உண்மையே. ஆயினும் முதலில் வாங்கியவர் மறுநாளே அனைவர்க்கும் காசின்றி வழங்கலாமன்றோ? அங்ஙனமாயின் இரண்டாம் படியை விலை கொடுத்து வாங்குவார் யார்? ஆதலின் நடைமுறையில் திறப்பும் விலையின்மையும் ஒன்றே’ என்பர். இத்தடையிற் பாதி உண்மை உண்டு. படியெடுக்கும் உரிமை எல்லார்க்கும் இருக்குமாயின், படியின் விலை படியெடுக்கும் செலவை நோக்கி இறங்கும். இணையம் பரவிய பின்னர் அச்செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாயிற்று. ஆயினும் மக்கள் விலை கொடுத்துப் பெறுவது படியை மட்டும் அன்று. ஐயம் எழுந்தபோது விடை கூறுவோரையும், பிழை நேர்ந்தபோது திருத்துவோரையும், பல்லாண்டு பொறுப்பேற்போரையும் விலை கொடுத்தே பெறுகின்றனர்.

இதனை முதலில் நன்குணர்ந்தோர் 1989-ஆம் ஆண்டில் சிக்னஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய மூவர். குனு மென்பொருள்களுக்குத் துணைநின்று திருத்தித் தரும் தொழிலையே அவர்கள் விற்றனர். அந்நிறுவனத்தைப் பின்னர் ரெட் ஹேட் என்னும் நிறுவனம் தன்னுட் சேர்த்துக்கொண்டது. ரெட் ஹேட் தரும் லினக்ஸின் மூலத்தைக் கொண்டு, 2004-ஆம் ஆண்டு முதல் வேறு சிலர் சென்ட்ஓஎஸ் என்பதை ஆக்கி யாவர்க்கும் காசின்றி வழங்கிவந்தனர். ஆயினும் ரெட் ஹேட்டின் வாணிகம் வளர்ந்தே வந்தது. 2019-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 3,400 கோடி டாலர் கொடுத்து அதனை வாங்கிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரெட் ஹேட் தன் விற்பனைப் பதிப்பின் மூலத்தை வாடிக்கையாளர்க்கு மட்டும் அளித்து, அதற்கு முன்னோடியாகிய ஸ்ட்ரீம் என்னும் பதிப்பின் மூலத்தை மட்டும் பொதுவில் வைப்பதாக அறிவித்தது. அதனால் எழுந்த வாதம் பெரிது. உரிமத்தின் சொல்லைக் காத்து அதன் கருத்தை மீறினர் என்று பலர் குறைகூறினர். விலையும் திறப்பும் ஒருங்கே வாழலாம். ஆயின் அவற்றிடையே இழுபறி என்றும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

சிறியோரும் இவ்வழியிற் பொருளீட்டுதல் உண்டு. ஓவியம் தீட்டுதற்குரிய கிரிட்டா என்னும் மென்பொருளை அதனை ஆக்குவோரின் தளத்திலிருந்து காசின்றிப் பெறலாம். அதுவே ஸ்டீம், மைக்ரோசாப்ட் ஆகியோரின் மின்கடைகளில் விலைக்கும் உள்ளது. காசின்றிக் கிடைப்பதை அறிந்தும் விலை கொடுத்து வாங்குவோர் உளர். அப்பணம் அதனை ஆக்குவோர்க்கு ஊதியமாகின்றது.

‘சொல்லாராய்ச்சி இருக்கட்டும், காசின்றிக் கிடைத்தாற் போதாதோ?’ என்று ஒருவர் வினவலாம். போதாது. என்னை? விலையின்மையை மட்டும் கருதி ஒரு மென்பொருளைக் கைக்கொண்டவர், மூடிய மென்பொருள் ஒன்று காசின்றிக் கிடைத்தவுடன் அதனிடம் சென்றுவிடுவார். இன்று காசின்றிக் கொடுப்பவன் நாளைக் கட்டணம் கேட்கலாம். அன்றித் தன் கடையை மூடிவிடலாம். அப்போது அவர்க்குப் புகலிடம் இல்லை. உரிமை உடையார்க்கு அவ்விடர் இல்லை. 2010-ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியபோது, ஓபன்ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளும் அதன் கைக்குச் சென்றது. அதன் வருங்காலத்தைப் பற்றிக் கவலையுற்ற ஆக்குநர் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் தனியே ஓர் அமைப்பைக் கண்டு, அதே மூலத்தைக் கொண்டு லிப்ரேஆபீஸ் என்னும் பெயரில் வேலையைத் தொடர்ந்தனர். அவ்வாறு தொடர வாய்ப்பளித்தது மூலத்தின் திறப்பே. விலையின்மை மட்டும் இருந்திருப்பின் அது கைகூடியிராது.

விலையின்மையே இலக்கணம் என்று கருதுவதால் வரும் கேடு இன்னும் ஒன்று உண்டு. உழைப்போரை நாம் மறந்துவிடுகின்றோம். இணையத்திற் செல்லும் செய்தியைப் பிறர் படியாவண்ணம் மறைத்துக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளை வங்கிகளும் பெருநிறுவனங்களும் காசின்றிப் பயன்படுத்திவந்தன. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதிற் கொடிய பிழையொன்று வெளிப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர்பெற்ற அப்பிழை 2012-ஆம் ஆண்டிலேயே புகுந்து, இரண்டாண்டு எவர் கண்ணிலும் படாதிருந்தது. கணினியின் நினைவகத்திலுள்ள மறைச்சொற்களையும் பிறர் படித்துக்கொள்ள அஃது இடந்தந்தது. அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே என்பதும், முழுநேரம் உழைத்தவர் ஒருவரே என்பதும் அப்போதுதான் உலகத்தார்க்குத் தெரியவந்தன. வறுமையே பிழைக்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகலாம். ஆயினும் படித்துப் பார்த்துத் திருத்தும் கண்கள் சிலவாயிருந்தமை மறுத்தற்கில்லை. மூலம் திறந்திருத்தல் மட்டும் போதாது. அதனைப் படிப்போரும், படிப்போர்க்குச் சோறிடுவோரும் வேண்டும். இதனை உணர்ந்த பெருநிறுவனங்கள் சில அவ்வாண்டே லினக்ஸ் அறக்கட்டளை வாயிலாகப் பொருளுதவி செய்ய முன்வந்தன.

இதுகாறும் கூறியவற்றால், திறந்த மூல மென்பொருள் விலையின்றி இருக்கலாம். இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இருந்தே தீரவேண்டும் என்று விதிப்பின் அது திறந்ததே ஆகாது என்பன போதரும். தமிழ்மொழி இவ்விடத்தில் நமக்குப் பேருதவி புரிகின்றது. ஆங்கிலேயர் ஒரு சொல்லை வைத்து இடர்ப்படும்போது, நமக்கு ‘விலையில்லா’ என்னும் சொல் வேறாகவும், ‘கட்டற்ற’ என்னும் சொல் வேறாகவும் உள்ளன. தமிழில் இத்துறையில் உழைப்போர் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றே பெயரிட்டு வழங்குவது மிகப் பொருத்தமுடையது. அதனை நாம் ‘இலவச மென்பொருள்’ என்று மாற்றி வழங்குதல் தகாது.

சொல்லைச் செவ்வையாக வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மாணவராகிய நம்மிற் பெரும்பாலோர் இவற்றைக் காசு கொடாமலே பெறுகின்றோம். அதிற் குற்றம் ஒன்றும் இல்லை. பொருள் கொடுக்க இயலாதார், கண்ட பிழையைத் தெளிவாக எழுதி ஆக்குவோர்க்கு அறிவிக்கலாம். நிரலெழுதக் கற்றோர் அதனைத் திருத்தி அனுப்பலாம். எம்மைப்போல் தமிழ் பயில்வோர் இம்மென்பொருள்களின் சொற்களையும் விளக்கங்களையும் நல்ல தமிழிற் பெயர்த்துத் தரலாம். நாளை ஊதியம் பெறுங்காலத்து, தாம் நாடோறும் பயன்படுத்தும் ஒன்றிற்கேனும் ஆண்டுக்கொருமுறை சிறுதொகை அனுப்பலாம். விலை கேட்கப்படவில்லை என்பதனால் உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அவ்வுழைப்பிற் பங்கு கொள்ளுதல் அதன் பயனை நுகரும் நம் அனைவர்க்கும் கடன்.