மீனவர் சங்கமும் விமான நிறுவனமும்: அழுத்தக் குழுக்கள் பாடத்தை இப்படியும் நடத்தலாம்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் மூன்றும் ஒரே பாடத்தில் வருகின்றன. தேர்தல் என்றதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கட்சிகளைப் பற்றி நாம் சொல்லாமலே அவர்களுக்கு நிறையத் தெரியும். கடைசியில் வரும் அழுத்தக் குழுக்கள்தான் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் வினாவுக்கான வரையறையாகச் சுருங்கிவிடுகிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பாடம் நடத்தும் எனக்கு, அந்தப் பகுதிக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கலாம் என்றே தோன்றுகிறது.

இங்கே தொடங்குவது எளிது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகளுக்குச் சங்கம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விசைப்படகுச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தால் வீட்டில் வருமானம் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்ததும் அவர்கள் அறிந்ததே. "இந்த முறை ஏன் வந்தது?" என்று கேளுங்கள். ஒரே கடலில் இரு தரப்பு, இருவருக்கும் தனித்தனிச் சங்கம், இருவரும் அரசிடம் கேட்டார்கள், அரசு இடையில் ஒரு வழி கண்டது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். புத்தக வரையறையை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும். ஓர் எச்சரிக்கை: யாருடைய அப்பா எந்தச் சங்கம் என்று மட்டும் வகுப்பில் கேட்க வேண்டாம்.

அடுத்த படிக்கு உச்சிப்புளி உதவுகிறது. அங்குள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்திலிருந்து பறக்கும் விமானங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். ஆளில்லா விமானம் இவர்களுக்குப் புதிதல்ல. 2024 அக்டோபர் 15 அன்று இந்தியா, அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்தின் எம்.க்யூ-9பி வகை ஆளில்லா விமானங்கள் 31 வாங்க ஒப்பந்தம் செய்தது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. வாங்க நாம் முடிவு செய்துவிட்டால் மட்டும் இது நடக்காது. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய பெரிய ஆயுத விற்பனையை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காங்கிரஸ் நினைத்தால் தடுக்கலாம். 2024 பிப்ரவரி 1 அன்று அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ 399 கோடி டாலர்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "எங்க சங்கம் கலெக்டர்ட்ட மனு குடுத்தா பேப்பர்ல வருது டீச்சர். கம்பெனி கேட்டா அது எங்க வரும்?"

இந்தப் பகுதிக்கு இதைவிட நல்ல வினாவை நான் தயாரித்திருக்க முடியாது. லாபி என்றால் கட்டடத்தின் முன்கூடம். நாடாளுமன்ற முன்கூடத்தில் காத்திருந்து உறுப்பினர்களைப் பிடித்துப் பேசுவதிலிருந்து லாபியிங் என்ற சொல் பிறந்தது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த அவையை, எந்தத் துறையை அணுகினோம், எந்த மசோதா பற்றிப் பேசினோம், எவ்வளவு செலவு என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போயிங் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 1 கோடி டாலருக்கு மேல் செலவு காட்டியிருக்கிறது. அரக்கோணம் தளத்திலிருந்து நம் கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானம் அந்த நிறுவனத்துடையதுதான்.

பணம் என்னதான் வாங்குகிறது? இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தனர். அதன் பிறகு 2020இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. விமானிகளை எச்சரிக்கும் நவீன அமைப்பு இல்லாத விமானத்துக்கு 2022 டிசம்பர் 27க்குப் பின் சான்றிதழ் இல்லை என்றது அது. மேக்ஸ் வரிசையில் இரண்டு வகைகளுக்கு அதற்குள் சான்றிதழ் கிடைக்காத நிலை. போயிங் விலக்குக் கேட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் கூடாது என்றனர். ஆண்டிறுதிச் செலவின மசோதாவில் விலக்குச் சேர்ந்தது, சில கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகக் காங்கிரசின் கதவைத் தட்டியவர்களில் அதே குடும்பத்தாரும் உண்டு என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இரு தரப்பும் அழுத்தக் குழுக்களே. ஒரு தரப்பிடம் முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள், இன்னொரு தரப்பிடம் இறந்தவர்களின் படங்கள் இருந்தன.

லாபியிங் என்றாலே லஞ்சம்தானே என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டும் வேறு. நம் நாட்டிலேயே 2010இல் அகஸ்டா வெஸ்ட்லேண்ட் நிறுவனத்திடம் 12 ஹெலிகாப்டர்கள் வாங்க ஒப்பந்தமாகி, லஞ்சப் புகாரால் 2014 ஜனவரியில் ரத்தானது. இத்தாலிய நீதிமன்றத்தில் அந்நிறுவன அதிகாரிகள் பின்னர் விடுதலை ஆனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டு நகர்வது நம் வேலையல்ல. கோரிக்கை வைப்பது உரிமை, காசு கொடுத்து முடிவை வாங்குவது குற்றம். நடுவில் இருக்கும் மங்கலான பரப்பைத்தான் பதிவேடு வெளிச்சமாக்குகிறது.

இந்தியாவில் லாபியிங்குக்குத் தனிச் சட்டம் இல்லை. 2013இல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, சட்டமாகவில்லை. வால்மார்ட் நிறுவனம் இந்தியச் சந்தையில் நுழைவது பற்றியும் லாபியிங் செய்தது என்று 2012இல் நாம் அறிந்ததே அமெரிக்கப் பதிவேட்டிலிருந்துதான். நாடாளுமன்றத்தில் அமளி எழுந்து, நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை அமைந்தது. நம் தூதரகமும் வாஷிங்டனில் லாபி நிறுவனங்களை அமர்த்தியதுண்டு. அந்த ஒப்பந்தங்களும் அங்குள்ள நீதித்துறைப் பதிவேட்டில் கிடைக்கின்றன.

நம்மிடம் இருப்பது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களை அரசு அலுவலகம் தானே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம் ஆகியவற்றுக்கு 8ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆயுதக் கொள்முதல் விவரங்கள் பல அந்த விலக்குக்குள் போய்விடும்.

இரண்டாம் பாடவேளையில் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்கிறேன். யார் கேட்டார், யாரிடம் கேட்டார், அது எங்கே பதிவாகியிருக்கிறது? விசைப்படகுச் சங்கம், நாட்டுப்படகுச் சங்கம், விமான நிறுவனம், விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்தார், இந்தியத் தூதரகம் என ஐந்து வரிசை. சங்கங்களுக்கு நேராக 'திங்கட்கிழமை குறைதீர் நாள் மனு ரசீது' என்று சட்டென எழுதிவிடுகிறார்கள். விமான நிறுவனத்துக்கு இரண்டு வரிசை வேண்டும் என்று ஒரு குழு கேட்டு வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் கேட்டதற்கு ஒன்று, டெல்லியில் கேட்டதற்கு ஒன்று. இரண்டாவது வரிசையின் மூன்றாம் பத்தியை என்ன செய்வது என்று கேட்டார்கள். வெறுமையாகவே விடச் சொன்னேன்.