இந்தக் கருவி என்ன? நுண்மானியை அறிந்துகொள்வோம்

இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில் ஒரு தாயார் எம்மிடம் ஒரு சிறிய மரப்பெட்டியைக் காட்டினார். காணி உறுதியோடு சேர்த்து அவர் தூக்கிவந்த பெட்டி அது. காலஞ்சென்ற அவரது கணவர் இயந்திரம் திருத்துபவர். உள்ளே லாட வடிவில் ஓர் உருக்குக் கருவியும், குட்டையான உருக்குத் துண்டு ஒன்றும் இருந்தன. பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்து விலை சொல்லியிருந்தார். “சுவாமி, இது இடுக்கிதானே, குடுத்துவிடட்டோ?” என்று கேட்டார்.

அது இடுக்கியல்ல, மைக்குறோமீற்றர். பாடசாலையில் இதை நுண்மானித் திருகுக் கணிச்சி என்பர். 1848இல் பிரான்சில் பால்மர் என்பவர் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது.

அடையாளம் காணல்

1. லாடத்தின் ஒரு முனையில் அசையாத முளை. மறுமுனையில் திருகினால் நகரும் தண்டு.

2. தண்டின் பிடியில் நீளக்கோடும் இலக்கங்களும். அதன்மேல் சுழலும் உறையிலும் கோடுகள். உறையில் 25 பிரிவுகள் இருந்தால் பொதுவாக அங்குலக் கருவி. 50 இருந்தால் மில்லிமீற்றர்க் கருவி.

3. லாடத்தில் 0–1 அல்லது 1–2 என்று பொறித்திருந்தால் அது அளக்கக்கூடிய எல்லை.

வாசித்தல்

அங்குலக் கருவியில் உறையை ஒருமுறை சுற்றினால் தண்டு 0.025 அங்குலம் நகரும். ஆகவே உறையின் ஒரு பிரிவு 0.001 அங்குலம். பிடியிலுள்ள ஓர் இலக்கம் 0.100, ஒரு சிறு கோடு 0.025.

அத்தாயாரின் கருவி 1–2 அங்குலத்துக்குரியது. பிடியில் 1உம், அதற்கப்பால் மூன்று சிறு கோடுகளும், உறையில் 6உம் தெரிந்தால்:

1 + 0.100 + 0.075 + 0.006 = 1.181 அங்குலம். 25.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர்.

சரிபார்த்தல்

அந்தக் குட்டைத் துண்டை எறிந்துவிடாதீர்கள். அது சரியாக 1 அங்குல நீளமுள்ள நியமத் துண்டு. இரு முனைகளையும் துடைத்து அதை இடையில் வைத்துப் பூட்டும்போது உறை 0 காட்டவேண்டும். 2 பிரிவு கூடக் காட்டினால் ஒவ்வோர் அளவிலும் 0.002 கழியுங்கள். இறுக்கும்போது கடைசியிலுள்ள சிறு குமிழையே திருகவேண்டும். அது கிளிக்கென்று வழுக்கியதும் நிறுத்துங்கள்.

பயன்

அக்குடும்பத்தின் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிய பட்டறையில், கிராங்க் தண்டு தேய்ந்துவிட்டது, புதிது போடவேண்டும் என்றார்கள். மகன் அதே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரு திசையில் அளந்தான். தேய்ந்த தண்டு முட்டைபோலாகி இரு அளவும் வேறுபடும். இங்கு இரண்டும் 1.181. இயந்திரக் கைநூலின் 30 மில்லிமீற்றருக்கு அது ஒத்திருந்தது. தண்டு வாங்க வைத்த பணம் விதை வெங்காயத்துக்குப் போயிற்று.

கள்ளத் தராசை மறைநூல் கண்டிக்கிறது. ஆனால் அளக்கத் தெரியாதவனை ஏமாற்றத் தராசே தேவையில்லை.

பேணல்

மெல்லிய எண்ணெய் பூசி, முனைகள் முட்டாமல் சிறிது இடைவெளி விட்டுப் பெட்டியில் வையுங்கள். இடுக்கியாகப் பாவிக்கவேண்டாம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது வீடுகளில் பயன் தெரியாமல் கிடக்கும் கருவிகள் எவை?

2. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த முதியோர் எம்மிடையே யார்? பிள்ளைகள் அவர்களிடம் எப்போது கற்பது?