வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைப் படம் எடுப்பது எளிது. சுங்கை பாலாஸ் பக்கம் போய்க் கைப்பேசியை நீட்டினாலே போதும். பச்சை வரிசைகளும் பனிமூட்டமும் தாமாகவே அழகாக வந்து விழும். அதே இடத்தில் ஒருவரை நிற்க வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று படபடவென அடிக்கும். கீழே மலைப்பாதையில் ஏறும் லாரி உறுமும். பேசியவரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

கதைப் படம் என்றால் இதைச் சமாளித்துவிடலாம். நடிகரை ஒலிக்கூடத்துக்கு அழைத்து மறுபடி பேச வைத்தால் முடிந்தது. தமிழ்த் திரையுலகம் பல பத்தாண்டுகளாக இப்படி டப்பிங்கை நம்பித்தான் இயங்கியது. படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்யும் நேரடி ஒலிப்பதிவு முறையில் 'லகான்' (2001), 'விருமாண்டி' (2004) போன்ற படங்கள் வந்தபோது அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. 2009இல் ரசூல் பூக்குட்டி 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட பிறகு, ஒலிப்பதிவாளர் என்று ஒருவர் தளத்தில் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரிய வந்தது.

ஆனால் நீங்கள் பதிவு செய்வது உங்கள் பாட்டியின் நினைவுகள் என்றால்? அவருக்கு டப்பிங் கிடையாது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டம் முதலாக, இந்த மலையின் தேயிலைத் தோட்டங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பிலும் வளர்ந்தவை. இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். கையால் கொழுந்து கிள்ளிய இடத்தில் இருவர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரம் ஓடுகிறது. கூடை சுமந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சொல்லும் லயத்து வாழ்க்கையும், சொல்லும்போது அவர்களின் பேச்சில் வரும் சொற்களும் ஒருமுறை சரியாகப் பதிவாகவில்லை என்றால் மறுமுறை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.

ஆகவே பள்ளித் திட்டப்பணிக்காகவோ குறும்படத்துக்காகவோ தோட்டத்துக்குப் போகும் மாணவர்களும், விடுமுறையில் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும் நீங்களும், திரைப்பட ஒலிப்பதிவாளர்களின் சில உத்திகளை அறிந்து வைத்திருப்பது நல்லது. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் ஒலி அலைதான்.

தூரம் என்னும் கணக்கு

திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல் குறைவு. பாதித் தூரத்துக்கு நெருங்கினால் 6 டெசிபல் கூடும்.

சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். சரிவில் காற்று, இலைச் சலசலப்பு, தொலைவில் ஓடும் இயந்திரம் எல்லாம் சேர்ந்த பின்னணி இரைச்சலை 50 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கிடுங்கள். 2 மீட்டரில் குரல் 54 டெசிபல். 4 மீட்டரில் 48. அங்கே குரல் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. எதிர்த் திசையில் வாருங்கள். அரை மீட்டரில் 66. கால் மீட்டரில், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், 72. இரைச்சலைவிட 22 டெசிபல் அதிகம். செறிவில் ஏறத்தாழ 160 மடங்கு.

இரைச்சல் மட்டும் ஏன் மாறவில்லை? அது தொலைவிலிருந்தும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. மைக்கை இரண்டு மூன்று மீட்டர் நகர்த்துவதால் அதன் அளவு மாறுவதில்லை. மைக்கை நெருக்கி வைக்கும்போது குரல் மட்டுமே வளர்கிறது. ஒலிப்பதிவின் முதல் விதி இதுதான்: விலை உயர்ந்த மைக்கைத் தேடுவதற்கு முன், இருக்கிற மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோங்கள்.

கேமராவை ஜூம் செய்தால் முகம் அருகில் வரும். மைக்குக்கு அந்த வசதி இல்லை. 4 மீட்டர் தள்ளி நிற்கும் கைப்பேசி, முகத்தை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும், 4 மீட்டர் தூரத்துக் குரலைத்தான் கேட்கும்.

நீள மைக் என்ன செய்கிறது?

படப்பிடிப்பில் நீண்ட கோலின் நுனியில் ஒரு குழாய் மைக்கைக் கட்டி, நடிகரின் தலைக்கு மேலே பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோலுக்குப் பூம் என்று பெயர். அந்த மைக் தொலைவில் உள்ளதை இழுத்துக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பக்கவாட்டு ஒலியைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

குழாயின் பக்கங்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். நேர் முன்னாலிருந்து வரும் ஒலி எந்தத் துளை வழியாகப் போனாலும் உள்ளே உள்ள சவ்வை ஒரே நேரத்தில் சேர்கிறது. அலைகள் ஒன்றுகூடி வலுப்பெறுகின்றன. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு துளை வழியாகவும் சற்று முன்பின்னாகச் சேர்கிறது. முகடும் அகடும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. பாடத்தில் படிக்கும் குறுக்கீட்டு விளைவு இங்கே வேலை செய்கிறது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. குழாயின் நீளம் அலைநீளத்துக்கு ஏறத்தாழச் சமமாகவாவது இருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் குழாய் என்றால், வினாடிக்கு 343 மீட்டரை 0.25ஆல் வகுங்கள். ஏறத்தாழ 1,370 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குழாயின் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். லாரியின் உறுமலும் வெட்டு இயந்திரத்தின் அடித்தொனியும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே இந்த மைக் இருந்தாலும் அதை அரை மீட்டருக்குள் கொண்டுபோய், மேலிருந்து கீழ்நோக்கிப் பிடிக்கிறார்கள். படுக்கையாகப் பிடித்தால் பேசுபவருக்குப் பின்னால் எதிர்ச் சரிவில் போகும் சாலையும் சேர்ந்து பதிவாகும்.

காற்றுக்கு ஒரு சட்டை

காற்று மைக்கில் மோதும்போது கேட்கும் படபடப்பு, மரங்களிடையே வீசும் காற்றின் ஓசை அன்று. மைக்கைச் சுற்றிக் காற்று சுழன்று, சவ்வை நேரடியாகத் தள்ளுவதால் உண்டாவது. அந்தத் தள்ளல் வலுவாக இருந்தால் பதிவே வெட்டுப்பட்டுவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

ஆகவே மைக்கைச் சுற்றி அசையாத காற்றை அடைத்து வைக்கிறார்கள். வலைக்கூடும், அதன்மேல் பூனை ரோமம் போன்ற நீள இழை உறையும் இருக்கும். இழைகள் காற்றின் வேகத்தை உடைக்கின்றன. ஒலி அலையோ இழைகளின் இடையே நுழைந்து போய்விடுகிறது. சிறிய மைக்குக்கு ஒரு பஞ்சு உறை, அதன்மேல் கம்பளி இழைத் துணியில் ஒரு துண்டு போதும். அத்துடன் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டலாம். மனிதப் பேச்சுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

சில்வண்டுகளின் ஓசையை இப்படி வடிகட்ட முடியாது. அது பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. நம் 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மையும் அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். ஆகவே அந்தி நேரத்தைத் தவிர்ப்பதே வழி.

மலையில் நேரமும் கணக்கும்

வெயில் ஏறினால் சரிவில் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். பிற்பகலில் மழை வந்தால் துத்தநாகக் கூரை முழங்கும். காலை நேரம் அமைதியானது. ஆனால் பொழுது விடியும் வேளையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் இருக்கும்போது, ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் பயணிக்கும். தொலைவுச் சாலை பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கும். வெயில் சற்றே வந்து, காற்று எழாத காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் ஒலி மெதுவாகப் போகுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலையே. 20 பாகை செல்சியஸில் அது வினாடிக்கு 343 மீட்டர்.

இந்த எண், படத்தையும் ஒலியையும் இணைப்பதற்கும் உதவும். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படச்சட்டங்கள். ஒரு சட்டத்தின் நேரத்தில் ஒலி 14 மீட்டர் போகிறது. கிளாப் பலகையை மைக்கிலிருந்து 14 மீட்டர் தள்ளி அடித்தால், ஒலி ஒரு சட்டம் பிந்திப் பதிவாகும். பேசுபவரின் அருகிலேயே கிளாப் அடிப்பது இதனால்தான்.

இரண்டு கைப்பேசிகள் போதும்

இனி உங்கள் முறை. ஒரு கைப்பேசி படம் பிடிக்கட்டும். இன்னொன்று ஒலியை மட்டும் பதிவு செய்யட்டும்.

முதலில் இரண்டையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஒலிக்கான கைப்பேசியில் கம்பியுள்ள காதுக்கருவியைச் செருகி, அதன் மைக்கை ஊசியால் பாட்டியின் சேலைத் தலைப்பிலோ தாத்தாவின் சட்டையிலோ, வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். துணி அதில் உரசக் கூடாது. கழுத்துச் சங்கிலி இருந்தால் சற்றே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு கைப்பேசிகளும் ஓடத் தொடங்கியதும், பேசுபவரின் அருகில் நின்று இரண்டு படங்களிலும் தெரியுமாறு அல்ல, படம் பிடிக்கும் கைப்பேசிக்குத் தெரியுமாறு ஒருமுறை கைதட்டுங்கள். பின்னர்க் கணினியில், கைகள் சேரும் படச்சட்டத்தையும் ஒலிக்கோட்டில் தெரியும் கூர்முனையையும் பொருத்திவிடலாம். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் சிறிதளவு வேறுபடும் என்பதால், நீண்ட பதிவின் முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள்.

அளவுமானி இருந்தால், உரத்துப் பேசும்போதும் முள் சுழியத்தைத் தொடாமல் அதற்கு 10 டெசிபல் கீழேயே நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது வேண்டும். வீட்டுக்குள் எதிரொலி அதிகமாக இருந்தால், பேசுபவருக்கு எதிரே ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பதிவு செய்யும் முன் அவர்களின் அனுமதியைக் கேளுங்கள். பதிவு முடிந்த உடனே, அங்கேயே, காதுக்கருவி வைத்துக் கேட்டுப் பாருங்கள். தவறு தெரிந்தால் இன்னொரு முறை கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வாரச் சோதனை: வீட்டு வாசலில் ஒருவரை ஒரே குரலில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். 4 மீட்டர், 2 மீட்டர், 1 மீட்டர், ஒரு சாண் என நான்கு தூரங்களில் கைப்பேசியால் பதிவு செய்து, அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்தத் தூரத்தில் தெருவின் ஓசை குரலை விட்டு விலகிப் போகிறது என்று குறித்து வையுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது அந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.