பரீட்சையில் தேறுவதே கல்வியின் பயனா?

கோடையில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளன்று நம் சிற்றூர்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் காணலாம். முன்னாளில் செய்தித்தாளில் எண்ணைத் தேடினர். இந்நாளில் கைப்பேசியில் தேடுகின்றனர். தேறியவர் வீட்டில் இனிப்பு வழங்கப்பெறுகிறது. தவறியவர் வீட்டின் கதவு பகலிலேயே சாத்தப்படுகிறது. இவ்வாண்டு எங்கள் ஊரில் ஒரு பெண் கணக்குப் பாடத்தில் 31 மதிப்பெண் பெற்றாள். தேறுவதற்கு 35 வேண்டும். "பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனதெல்லாம் வீண்" என்று அவள் தந்தையார் கூறியதைக் காதாரக் கேட்டேன். ஒன்று நூற்பாலை, இன்றேல் மணவறை என்று அவ்வீட்டில் அன்றிரவே பேச்சு எழுந்துவிட்டது.

நான்கு மதிப்பெண் குறைந்தமையால் பத்தாண்டுக் கல்வி முழுவதும் இல்லையென்று ஆகிவிடுமா? இதனையே இக்கட்டுரையில் சிறிது ஆராய விரும்புகிறேன்.

அத்தந்தையாரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இவ்வெண்ணம் தானே தோன்றியதன்று. பல தலைமுறைகளாக ஊட்டப்பட்டது. 1844 ஆம் ஆண்டில், ஹார்டிஞ்சு பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசாங்க உத்தியோகங்களில் முதலிடம் தரப்படும் என்ற தீர்மானம் பிறந்தது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சை கல்லூரிக்குள் புகும் வாயிலாக மட்டும் நில்லாது, உத்தியோகத்துக்குரிய தகுதிச் சீட்டாகவும் மாறிற்று. அன்று முதல், படிப்பு என்றால் தேர்ச்சி, தேர்ச்சி என்றால் உத்தியோகம் என்னும் கணக்கு நம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

பரீட்சையால் விளைந்த நன்மையையும் மறுத்தல் ஆகாது. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகளும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். திருத்துபவர் கைக்குச் செல்லும் விடைத்தாளில் குலமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. இவ்வொரு வாயிலின் வழியாகவே எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் நிமிர்ந்தன. பரீட்சையே வேண்டா என்று எளிதாகப் பேசுவோர் பெரும்பாலும் அவ்வாயிலை முன்னரே கடந்தவர்களாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்!

ஆயினும், அளக்கும் கருவியே நோக்கமாகிவிடின் யாது நேரும்? இதற்கு இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒரு சோதனையை அறிந்துகொள்ளுதல் நலம். 1862 இல் அந்நாட்டுக் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ என்பார் ஒரு புதிய விதியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். குழந்தைகளை ஒவ்வொருவராக வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் சொல்லிச் சோதிப்பார். தேறிய பாடத்துக்கு ஏற்பவே பள்ளிக்கு மானியம் கிடைக்கும். பொதுப்பணம் வீணாகலாகாது என்பதே அவர் கருத்து. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. விளைந்ததோ வேறு. மானியத்துக்குரிய மூன்று பாடங்களே பள்ளியை ஆண்டன, பிறவெல்லாம் ஒடுங்கின. வாசகப் புத்தகத்தைக் குழந்தைகள் முதலிலிருந்து இறுதிவரை நெட்டுருச் செய்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி 'வாசித்த' குழந்தைகள் உண்டு என்று அக்காலத்தில் பேசப்பட்டது. புகழ்பெற்ற கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்டு, வாசிக்கவும் எழுதவும் உண்மையில் அறியாத குழந்தையையும் இச்சோதனையில் தேறச் செய்துவிடலாம் என்று அரசாங்கத்துக்கே எழுதினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறையை அந்நாட்டார் கைவிட்டனர். அதற்குள் அது கடல் கடந்து நம் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டிருந்தது.

ஈண்டு ஒன்று கூற வேண்டும். நெட்டுருவே குற்றமன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலும் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். ஆனால் அன்று பயின்ற வாய்பாடு களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் பயன்பட்டது. இன்ஸ்பெக்டர் போன மறுநாளே மறக்கப்படும் மனப்பாடம் வேறு, வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும் மனப்பாடம் வேறு.

அப்பழைய நோய் இன்றும் தீர்ந்தபாடில்லை. பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லாதிருந்த காலத்தில், பல பள்ளிகள் அவ்வாண்டுப் பாடத்தைப் புறக்கணித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்தின. அதனைத் தடுக்க 2017-18 ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பரீட்சையால் வந்த நோய்க்குப் பரீட்சையே மருந்தாயிற்று! 2025 இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி அத்தேர்வு கைவிடப்பட்டது. முன்பு கைவிட்ட பாடத்தைப் பள்ளிகள் இனி ஒழுங்காக நடத்துமா என்பதைப் பெற்றோர்தாம் கண்காணித்தல் வேண்டும்.

நிற்க. தேறியவர்கள் கற்றது எவ்வளவு என்பதையும் காண்போம். எங்கள் ஊர் நூலகத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர் சிலரிடம் ஊரறிந்த தண்டல் கணக்கு ஒன்றைக் கேட்டேன். 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு என்ன வட்டி? "ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம், நூற்றுக்குப் பதினொன்று" என்றனர் சிலர். "எந்தச் சூத்திரம் சார்?" என்றான் ஒருவன். தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளை இவர்கள் எட்டாம் வகுப்பிலேயே போட்டவர்கள்.

அவர்கள் கருதத் தவறியது யாது? கடன்பட்டவர் கையில் 9,000 ரூபாய் நூறு நாளும் இருப்பதில்லை. முதல் நாள் முதலே அது குறைந்துகொண்டு வருகிறது; சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 4,500 ரூபாயே அவரிடம் நிற்கிறது. அதற்கு 100 நாளைக்கு 1,000 ரூபாய் வட்டி எனின், நூற்றுக்கு 22 ஆகிறது. ஓராண்டில் இத்தகைய நூறு நாட்கள் மூன்றரைக்கும் சற்று மேலாக உண்டு. ஆகவே ஆண்டு வட்டி நூற்றுக்கு 80 ஐ ஒட்டி நிற்கிறது! சாலையோரத்தில் காய்கறி விற்கும் தாய்மார் ஆண்டு முழுதும் உழைத்தும் முதல் சேராமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றன்றோ? இக்கணக்கு எந்த வினாத்தாளிலும் வந்து நான் கண்டதில்லை.

அதே கணக்கை, தவறிய அப்பெண்ணிடமும் கேட்டேன். அவள் தன் தாயார் சேர்ந்துள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவு நோட்டை ஈராண்டாக எழுதி வருபவள். சதவீதம் அவளுக்கும் வரவில்லை. ஆனால், "பாதி நாள் போனதும் பாதிப் பணம் திரும்பிப் போயிருமே, ஐயா, அப்புறம் எதுக்கு முழுசுக்கும் வட்டி?" என்று அவள் கேட்டாள். கணக்கின் உயிர்நிலை அக்கேள்வியில் இருக்கிறது. அவள் பெற்ற 31 இல் அதற்கு இடமில்லை.

பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள முக்கோண அடையாளமும் இத்தகையதே. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அதற்கடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் தந்தையார் சிவப்பு முக்கோணப் புட்டியை வெறுங்கையால் திறப்பாராயின், அப்பாடம் வீட்டு வாயிலோடு நின்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

இவற்றை அறிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53 இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பொதுத் தேர்வுகளைக் குறைக்கவேண்டும் என்றும், மாணாக்கர் ஆண்டு முழுதும் பள்ளியில் செய்த வேலையின் பதிவையும் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2019 இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு என்று நம் மாநிலத்தில் அறிவிப்பு வந்தபோது பெற்றோர் கவலையுற்றனர்; 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுக் குழந்தைக்குத் 'தவறியவர்' என்ற பெயர் சூட்டப்படாமல் போனது நன்றே.

சட்டமும் குழுவும் செய்வன ஒருபுறம் இருக்கட்டும். ஊரார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தவறியவர்க்கான துணைத் தேர்வு அவ்வாண்டிலேயே நடைபெறுகிறது. ஆனால் விண்ணப்பிக்கும் நாட்கள் மிகச் சில. துயரத்தில் மூழ்கிய வீடுகள் அந்நாட்களைத் தவறவிட்டுவிடுகின்றன. ஊராட்சி மன்றத்தாரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் தவறியவர் பட்டியலைப் பெற்று, தேறியவர்க்கு மாலையிடச் செல்லுமுன் இவர்கள் வீட்டுக்குச் செல்லவேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகள் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருப்பதையும் அங்கு எடுத்துக் கூறலாம்.

எங்கள் ஊர்ப் பெண்ணின் வீட்டுக்கு, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்திய மாலையில், தலைமையாசிரியை தாமே வந்து திண்ணையில் அமர்ந்தார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. தேர்வுக் கட்டணத்தை மகளிர் குழுவினர் தம் சேமிப்பிலிருந்து செலுத்தினர். அச்செலவையும் அவளே நோட்டில் பதிந்தாள். கணக்குப் பரீட்சையை மறுபடியும் எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.