அதிகாலை உடற்பயிற்சி: பழக்கமாவது எப்படி?

“நாளை முதல் காலை 5 மணிக்கு எழுந்து ஓடப் போகிறேன்.” இப்படித் தீர்மானம் செய்யாத மாணவர் அரிது. மூன்று நாள் ஓடுகிறோம். நான்காம் நாள் கடிகாரம் அலறும்போது அதன் தலையில் தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். மன உறுதி போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால் உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது!

உடலின் கடிகாரம்

1729ஆம் ஆண்டில் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் குவிந்தன. உயிரினங்களுக்குள்ளேயே காலத்தைக் கணிக்கும் ஏற்பாடு உண்டு என்பதற்கு இது ஒரு தொடக்கச் சான்று ஆயிற்று.

நமது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இத்தகைய கடிகாரம் இருக்கிறது. கண்ணில் விழும் ஒளியே அதற்குச் சாவி கொடுக்கிறது. இருட்டியதும் அது பீனியல் சுரப்பியைத் தூண்டுகிறது. அதிலிருந்து மெலடோனின் சுரந்து உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. வளரிளம் பருவத்தில் இந்தச் சுரப்பு சற்றுத் தாமதமாகவே தொடங்கும். எனவே இரவு 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுபவருக்குக் கிடைப்பது 6 மணி நேரத் தூக்கமே. உங்கள் வயதில் தேவையோ 8 முதல் 10 மணி நேரம். இந்தக் கடனை உடல் நான்காம் நாள் வசூலித்துவிடுகிறது!

இரவிலேயே தொடங்குங்கள்

காலை 5.30க்கு எழ வேண்டுமா? இரவு 9.30க்கு உறங்க வேண்டும். ஒரே நாளில் மாற்றாமல், சில நாள்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். படுக்கும் முன் கைப்பேசியை விலக்குங்கள். விடிந்ததும் வெளிச்சத்திற்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழுங்கள்.

எத்தனை நாளில் பழக்கமாகும்?

லண்டனில் 96 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியாயிற்று. ஒரு செயல் பழக்கமாகப் பிடித்த காலம் 18 முதல் 254 நாள் வரை எனக் கணக்கிடப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயலைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் மட்டும் பழக்கம் குலைந்துவிடவில்லை!

அவர்கள் செயலை அன்றாட நிகழ்ச்சி ஒன்றோடு இணைத்துச் செய்தார்கள். நீங்களும் “பல் துலக்கியவுடன் பயிற்சி” என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் 5 நிமிடம் போதும். அதிகாலையில் உடல் வெப்பம் குறைந்திருக்கும். ஆகவே மெல்ல நடந்து, கைகால்களை அசைத்த பிறகே ஓடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் உறங்கிய நேரம், எழுந்த நேரம், பயிற்சி செய்த நிமிடங்கள் ஆகியவற்றைத் தினமும் குறியுங்கள். எழுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுங்கள். பத்து வாரங்களுக்குப் பின் அந்த மதிப்பெண்களை வரைபடமாக வரையுங்கள். கோடு எங்கே இறங்கத் தொடங்குகிறது? எந்த நாள்களில் ஏறுகிறது? அவற்றின் முந்திய இரவு நீங்கள் எத்தனை மணிக்கு உறங்கினீர்கள்?